நாற்பத்தோராம் வரிசை

நெப்ராஸ்கா. ஜூலை. விடியுமுன் ஐந்தேகால்.
பழைய பள்ளிப் பேருந்து எங்களை
வயலோரத்தில் உதிர்த்துவிட்டுப் போகும்.
குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு
சட்டைமேல் மாட்டிக்கொண்ட இருபத்தாறு பேர்.
மக்காச்சோளம் இலையிடுக்கில்
இரவெல்லாம் சேர்த்துவைத்த தண்ணீர்
பத்தடிக்குள் மார்புவரை நனைத்துவிடும்.

வேலை இவ்வளவுதான்.
நாலு வரிசை பெண், ஒரு வரிசை ஆண்.
பெண் வரிசையில் ஒவ்வொரு செடியின் உச்சியிலும்
தலைநீட்டும் பூக்கொண்டையைப் பிடித்து
மேலே ஓர் இழுப்பு.
டப்பென்று கழலும். கீழே போடு. அடுத்தது.
அரை மைல் நீளம் ஒரு வரிசை.
தப்பிய கொண்டை மகரந்தம் தூவும்,
விதை கெடும்.

நான் எப்படிப்பட்டவள் என்றால்,
பரீட்சைக்கு முந்தின ராத்திரி படம் பார்ப்பவள்.
கெமிஸ்ட்ரியைச் சாப்பாட்டு இடைவேளையில்
ஒரு கையில் சாண்ட்விச்சோடு முடிப்பவள்.
நுனிப்புல் மேய்ந்தே முதலிடம் வந்தவள்.
டாக்டராவேன் என்று எட்டு வயதில் சொன்னேன்.
சொன்னதே பாதி ஆனமாதிரி
ஊர் நம்பியது. நானும்.
கல்லூரி விண்ணப்பத்தில் எழுத
ஏதாவது வேண்டுமே என்றுதான்
இந்தச் சேற்றில் கால் வைத்தேன்.

ஒன்பதாம் நாள், நாற்பத்தோராம் வரிசை.
நடுவயலில் யாருக்கும் யாரும் தெரியாது.
இருபுறமும் ஆறடிப் பச்சைச் சுவர்.
நெடிய செடிகள் பிரச்சினையில்லை.
குட்டைகள்தான். சாய்ந்தவை.
கொண்டை இன்னும் இலைச்சுருளுக்குள் தூங்குபவை.
குனிய வேண்டும், விரல்விட்டுப் பிரிக்க வேண்டும்,
தடவிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.
வெயில் பின்கழுத்தில் உட்கார்ந்திருந்தது.
தாண்டினேன்.
அடுத்ததையும்.

மத்தியானம் சோதனைக்காரர்கள் போய் வந்தபின்
என் வரிசை நெடுக ஆரஞ்சு ரிப்பன் ஆடியது.
அறுபத்து மூன்று.
குழுத்தலைவன் ட்ரிஸ்டன் ஸ்வோபோடா,
என்னைவிட இரண்டே வயது பெரியவன்,
எண்ணைச் சொன்னான். பெயரைச் சொல்லவில்லை.
சுற்றியிருந்த இருபத்தைந்து பேரும்
வாட்டர் கேனை மூடிவிட்டு
திரும்ப வயலுக்குள் இறங்கினார்கள்.
அந்த வாரப் போனஸ் எல்லோருக்கும் போயிற்று.

பக்கத்து வரிசை யாரெலி மோன்டெஸ்.
போனஸில் காருக்கு டயர் மாற்றவிருந்தவள்.
அந்தக் காரில்தான் ராத்திரி எட்டு மணிக்கு
முதியோர் இல்லத்துக்குப் படுக்கைவிரிப்பு துவைக்கப் போவாள்.
"உன் பக்கம் கொஞ்சம் நானும் எடுக்கட்டுமா?" என்றாள்.

திட்டியிருந்தால்
அன்றைக்கே மறந்திருப்பேன்.

உடனே திருந்திவிட்டேன் என்றால் பொய்.
மறுநாளும் ஒரு குட்டையைத் தாண்டினேன்.
நாலு எட்டு வைத்தேன்.
நின்றேன்.
பின்னால் நாலு எட்டு வந்து
குனிந்து எடுத்தேன்.
அவ்வளவுதான் நடந்தது.
யாரும் பார்க்கவில்லை;
பார்க்க அங்கே என்ன இருந்தது?

விண்ணப்பக் கட்டுரையில்
பனியை எழுதினேன், பேருந்தை எழுதினேன்,
குழுவாக உழைப்பதன் பெருமையைக்கூட எழுதினேன்.
நாற்பத்தோராம் வரிசையை எழுதவில்லை.
இடம் கிடைத்தது.

அடுத்த ஜூலையும் போனேன்.
அந்தத் தடவை எழுத ஒன்றுமில்லை.

இப்போது ஆகஸ்ட். லிங்கன் நகரம், விடுதி அறை.
பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.
நாளை முதல் வகுப்பு.
உயிரியல் புத்தகத்தில் செல்சுவரைப் பற்றி ஒரு பக்கம்.
தெரிந்தமாதிரி இருந்தது. புரட்டினேன்.
மூன்று பக்கம் போயிருப்பேன்.
சோள இலை கிழித்த கோடுகள்
முழங்கையில் அரித்தன.

நான் டாக்டராகலாம். ஆகாமலும் போகலாம்.
தூரம் நிறைய; தாண்டிப்போக வசதியான
குட்டைச் செடிகளும் நிறைய.

மூன்று பக்கம் பின்னால் வந்து
அந்த வாக்கியத்துக்குள் விரல் விட்டேன்.
சுருள் பிரிய
நேரமாகிறது.